சிக்னல் இல்லாத முகாமும் அர்த்தநாரி அண்ணனும்

எங்கள் அகதி முகாமில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்க வேண்டும் என்றால் தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி நிற்க வேண்டும். கரட்டுக் குன்றின் அடியில் இருக்கிற இடம். கீழே எதுவும் எட்டாது. அன்று புதன்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு படிப்பறையைக் கூட்டி, டேப்லெட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு பிள்ளையின் சாதிச் சான்றிதழ் விஷயமாகப் பேசுவதற்காக மதியம் தொட்டிப் படி ஏறினேன். மூன்றாவது படியிலேயே கைபேசி அதிரத் தொடங்கியது. தவறிய அழைப்புகள் பதினொன்று. எல்லாம் அர்த்தநாரி அண்ணனின் எண்ணிலிருந்து. அவர் இப்படி விடாமல் அழைக்கிற ஆள் இல்லை. ஒரு முறை அழைப்பார். எடுக்காவிட்டால் "தொட்டிக்கு வந்தாங்கன்னா பேசுவாங்க" என்று வைத்துவிடுவார். உடனே திரும்ப அழைத்தேன்.

எடுத்தது அவர் மனைவி பாப்பாத்தி அக்கா. "அம்மிணி, அவரு போயிட்டாருங்க" என்றார். அழவில்லை. காலையிலிருந்து ஒவ்வொருவருக்காகச் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் அவரிடம் மிஞ்சியிருந்தது போலிருந்தது.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒருவர் வீட்டு மாடியிலிருந்து கழற்றி வைத்த சோலார் பேனல் இருக்கிறது, எங்கள் படிப்பறைக்கு ஆகும் என்று பார்க்க அண்ணன் கிளம்பியிருக்கிறார். முதல் சேலம் பஸ். ராசிபுரம் பஸ் நிலையத்தில் வண்டி நின்றபோது, ஜன்னலோரம் தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். அறுபத்து மூன்று வயது. நெஞ்சு வலிக்கிறது என்று அதற்கு முன் ஒரு நாளும் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நாங்கள் இருபது பேருக்கு மேல் கிளம்பினோம். முகாமை விட்டு வெளியே போகிறவர்கள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது. காரணம் என்ற இடத்தில் "இறப்பு" என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு "அண்ணன்" என்று எழுதினேன். காவலுக்கு இருந்தவர் புதியவர். "நாமக்கல்ல உங்களுக்கு அண்ணன் இருக்காரா?" என்று கேட்டார். "இருந்தார் சார்" என்றேன்.

அவரோடு போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போன நண்பர்கள் அவர் நினைவாக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். "நீங்களும் எழுதுங்க அம்மிணி, முகாமுல அவரு என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு எங்க சனத்துக்கு ஒண்ணுந் தெரியாது" என்று பாப்பாத்தி அக்கா சொன்னார். அதனால் எழுதுகிறேன். நான் ஆறு வயதில் மன்னாரிலிருந்து அம்மாவோடு படகில் வந்தவள். பெயர் சுகந்தி. இந்த முகாமில்தான் வளர்ந்தேன், இங்கிருந்தே பி.காம். படித்தேன். பத்து வருடமாக இங்கே மாலைப் படிப்பறையை நடத்தி வருகிறேன். உங்களுக்கு அவரைப் போர்வெல் வண்டி எலெக்ட்ரீசியனாகத் தெரியும். பிறகு நாமக்கல் லாரிப் பட்டறைச் சாலையில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவராகத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊரடங்குக்கு முந்தின வருடம் எங்கள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அதைப் பார்க்க வந்தவர் அவர். மோட்டாருக்கு இணைப்பு போகும் பலகை படிப்பறைச் சுவரில் இருந்ததால் உள்ளே வந்தார். பலகையைத் திறப்பதற்காக நான் பீரோவை நகர்த்த, பூட்டு நெகிழ்ந்து அதன் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே இருபத்து நான்கு டேப்லெட்டுகள், பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கியபடி. பக்கத்தில் சோற்று டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி.

"இதென்னங்க, கல்யாணத்துக்கு வந்த பாத்திரமாட்டப் பூட்டி வெச்சிருக்கறீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது என்று சொன்னேன். அந்தப் பெட்டிக்குள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடம், காணொளி, அகராதி, கதை எல்லாம் இருக்கிறது. இணையம் வேண்டாம், பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் போதும், சுற்றி இருக்கிற டேப்லெட்டுகளுக்கு வைஃபையில் பாடம் வரும் என்று சொன்னேன். சிக்னலே இல்லாத எங்களைப் போன்ற இடத்துக்கு என்றே செய்தது. கொடுத்த இரண்டாம் வாரம் மின்அழுத்தம் ஏறிச் சார்ஜர்கள் எல்லாம் கருகிவிட்டன. கொடுத்த பையன்கள் வேலை மாறிப் போய்விட்டார்கள். அவர்கள் தந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை. தொட்டால் உடையும், உடைந்தால் எங்கள் தலையில் விழும் என்று பூட்டிவைத்தோம். இதையெல்லாம் நான் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போகும்போது, "ரெண்ட எடுத்துட்டுப் போயிப் பாக்கறேனுங்க. நம்பிக்கை இருந்தாக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கேட்ட விதம் அப்படி இருந்தது.

அடுத்த வாரம் இரண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டின் திரையிலும் வெளிச்சம் வந்தது. "நல்லாத்தான் இருக்குதுங்க. பசியில கெடந்திருக்குது" என்றார். பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தார். லாரி பேட்டரி ஒன்றும் பழைய பேனல் ஒன்றும் வைத்து, மின்சாரம் போனாலும் வந்தாலும் பாதிக்காதபடி மரச்சட்டத்தில் ஒரு சார்ஜிங் அடுக்கு செய்து சுவரில் மாட்டினார். இருபத்து நான்கில் பத்தொன்பது பிழைத்தன. பிழைக்காத ஐந்தின் உறுப்புகள் மற்றவற்றுக்குப் போயின. அன்று மாலை பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பாடத்தைத் திறந்தபோது அவர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். "இருக்கட்டுங்க, கையெல்லாம் ஆசிட்டு" என்றார்.

என் அம்மாவுக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. "தம்பிக்கு ஒரு கதிரை போடு பிள்ளை" என்று எனக்கு உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அண்ணன் திகைத்துப்போய் எழுந்து, "குதிரையெல்லாம் எதுக்குங்கம்மா, நான் மொபெட்லதான் வந்திருக்கறேன்" என்றார். எங்கள் பேச்சில் கதிரை என்றால் நாற்காலி. நான் சொல்லி விளக்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் வாசலிலிருந்தே, "அம்மா, குதிரை இருக்குதுங்களா?" என்பார். "இருக்குது, வந்து இருங்கோ" என்று அம்மா நாற்காலியைத் துடைப்பாள். முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு, பாவம் என்று உச்சுக் கொட்டியவர்கள் உண்டு. ஒரு சொல்லைக் கேட்டு வாங்கித் தனக்கென்று வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

கடைசி வரிசை வீடுகளுக்குப் பெட்டியின் வைஃபை எட்டவில்லை. அந்த வரிசையில் பெயிண்ட் வேலை செய்யும் யோகனின் வீடு. அவர் மகள் நிரோஜா அப்போது ஒன்பதாம் வகுப்பு. மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவளால் படிப்பறைக்கு வர முடியாது. அண்ணன் ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு யோகன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். "பாப்பா எங்க உக்காந்து படிக்குமுங்க?" என்று கேட்டார். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அங்கேதான் விளக்கு வெளிச்சம் விழும். அந்தச் சந்தில் அவர் தன் உடம்பை நுழைத்து, முழங்காலை மடித்து உட்கார்ந்து, டேப்லெட்டைத் திறந்து பார்த்தார். யோகனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெளிய நின்னு பாத்தா வருதுங்க. இங்க வரலை. படிக்கறது இங்கதானுங்களே" என்றார். அடுத்த ஞாயிறு ஒரு பழைய போர்வெல் பைப்பை இரண்டு பேர் தூக்கிவர வந்து சேர்ந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் அதை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். பிறகு மறுபடியும் அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடித்தார்.

ஊரடங்கு வந்தது. பள்ளிகள் கைபேசிக்குப் போய்விட்டன. ஆசிரியர்கள் நல்ல மனதோடுதான் வீட்டுப்பாடமும் காணொளியும் அனுப்பினார்கள். எங்கள் தொட்டிப் படியில் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் நிற்க முடியும்? அதுவும் கூட்டம் சேரக் கூடாது என்ற காலம். முகாம் வாசலில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். வெளியாள் உள்ளே வர முடியாது. அண்ணன் நாமக்கல்லில் தன் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆசிரியர்கள் அனுப்புவதை எல்லாம் தன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். மருமகனின் கணினியில் அவற்றை இறக்கி, விரல் நகமளவு மெமரி கார்டில் ஏற்றி, ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டுக்கொண்டு காலையில் மொபெட்டில் வருவார். வழியில் நிறுத்தும் போலீஸ்காரர்களிடம் டப்பாவைத் திறந்து காட்டுவாராம். "பாடமுங்க" என்பாராம். முதல் வாரம் நம்பவில்லை. அப்புறம் அவர்களே, "என்ன வாத்தியாரே, இன்னைக்கு எத்தனாவது பாடம்?" என்று கேட்டு விட்டுவிடுவார்களாம்.

டப்பாவைத் தடுப்புக் கட்டைக்குக் கீழே இருக்கும் கல்லில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நிற்பார். நான் எடுத்துக்கொண்டு படிப்பறைக்கு ஓடுவேன். கார்டைப் பெட்டியில் செருகி, எல்லாப் பாடமும் திறக்கிறதா என்று பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். முதல் நாள் நான் அவர் போயிருப்பார் என்று நினைத்தேன். எதற்கோ வாசல் பக்கம் வந்தபோது வெயிலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, ஏன் இன்னும் நிக்கிறீங்கள்?"

"தொறந்துச்சுங்களா?"

"எல்லாம் திறக்குது."

"அந்த ஏழாவது கணக்கு?"

அதை நான் பார்க்கவில்லை. திரும்ப ஓடிப் பார்த்தேன். திறக்கவில்லை. வந்து சொன்னதும், "நெனச்சேன்" என்று வண்டியைத் திருப்பினார். மதியம் மறுபடியும் வந்தார். அன்றுதான் அவர் சொன்னார்: "கொண்டாந்து கொடுக்கறது வேலையில்லீங்க அம்மிணி. அங்க போயித் தொறக்குதான்னு பாக்கறதுதான் வேல." அதற்குப் பிறகு தினமும் கட்டைக்கு அந்தப்புறம் நின்றார். நான் தூரத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுப்பார். பல மாதம் இது நடந்தது. மழை நாளில் பால் கவரைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அது எனக்குப் பெருமை தரும் சம்பவம் இல்லை. ஆனால் அவரைச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நிரோஜா பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, முகாமைப் பார்வையிட ஓர் அதிகாரி புதிதாக வந்தார். தொட்டிப் பக்கம் நின்ற பைப்பையும் உச்சியில் இருந்த ஆன்டெனாவையும் பார்த்தார். இது என்ன, யார் அனுமதித்தது, எங்கே பேசுகிறது என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் அதட்டவில்லை. தன் கடமையைச் செய்தார். பெட்டி, ஆன்டெனா, டேப்லெட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விசாரித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

அகதிக்கு விசாரணை என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் சின்ன வயதில் ஒரு ரேடியோ வைத்திருந்ததற்காக எங்கள் வரிசையில் ஒருவரை விசாரணை என்று கூட்டிப்போய் வெகுகாலம் திருப்பி அனுப்பவில்லை. பெட்டியை எடுத்துப்போன அன்று அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை. மாலையில் விஷயம் தெரிந்து அண்ணன் ஓடிவந்தார். நான் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"போதும் அண்ணா. இனி வராதீங்க. உங்களுக்கு இது பொழுதுபோக்கு. ஒரு பிரச்சினை வந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். நாங்கள் எங்கே போவது? யார் கேட்டது உங்களைக் கம்பம் நடச் சொல்லி?"

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகன் என்னைத் தடுக்கப் பார்த்தார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "செரிங்க" என்றார். மொபெட்டைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஏறினார்.

பத்து நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. நானும் அழைக்கவில்லை. பிள்ளைகள் மாலையில் வந்து வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிரோஜா மட்டும் என்னிடம், "டீச்சர், இயற்பியல்ல மின்காந்தம் வரைக்கும் பார்த்திட்டன். மீதியை எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டாள். நான் வணிகவியல் படித்தவள்.

பதினோராம் நாள் மதியம் ஒரு லோடு ஆட்டோ வந்தது. பின்னால் மொபெட்டில் அண்ணன். பெட்டி, டேப்லெட்டுகள், ஆன்டெனா எல்லாம் இருந்தன. "வாங்கிட்டு வந்துட்டேனுங்க" என்றார். அவ்வளவுதான். இறக்கி வைத்துவிட்டு, பத்தொன்பதும் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என்ன நடந்தது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. படிப்பறைக்கு முறையான அனுமதி வாங்க அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு நான் போனேன். கோப்பைத் தேடி எடுத்த எழுத்தர், "நீங்கதானா அந்த முகாம் டீச்சர்? உங்க ஆளு தெனமும் வந்து அந்த பெஞ்சுல உக்காந்துக்குவாருங்க. யார் போனாலும் எந்திரிச்சுக் கும்பிடுவாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றார். ஆறாம் நாள் அதிகாரியே உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் மேசையில் பெட்டியை வைத்துப் பேட்டரியைக் கொடுத்து, அதிகாரியின் கைபேசியிலேயே இணையத்தை அணைத்துவிட்டுப் பாடத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். அதிகாரி எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றை முழுசாகப் பார்த்தாராம். பிறகு, இதையெல்லாம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

எழுதிக் கொடுத்த தாள் கோப்பில் இருந்தது. எழுத்தர் எனக்குக் காட்டினார். அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டவர். எழுதுவதென்றால் அவருக்குச் சுணக்கம்; கடை ரசீதைக்கூட மருமகன்தான் எழுதுவார். நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்கப் பெட்டியின் படம், உள்ளிருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் கோடு போட்டு அது செய்கிற வேலை. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "இந்தப் பெட்டி வெளியில் பேசாது. வெளியில் இருந்து ஒன்றும் கேட்காது. உள்ளே வைத்த பாடத்தை மட்டும் காட்டும். முகாம் ஜனங்களுக்கும் டீச்சருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கம்பம் நட்டது நான். இதனால் என்ன வந்தாலும் என்னைக் கேட்கவும்." கீழே கையெழுத்து, வீட்டு முகவரி, வாக்காளர் அட்டையின் நகல். எங்கள் யாரிடமும் இல்லாத அட்டை அது. அதை எங்களுக்காக அந்தக் கோப்பில் வைத்துத் தைத்துவிட்டு வந்திருந்தார்.

அங்கிருந்து நேராக அவர் கடைக்குப் போனேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. "அண்ணா" என்றேன். வெளியே வரவில்லை. அப்படியே நின்று சொன்னேன், அன்று நான் பேசியது தப்பு என்று. ஸ்பேனர் திருகும் சத்தம் நின்றது. பிறகு லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பயத்துல சொன்ன பேச்சுக்கெல்லாம் ஆயுசு ஒரு நாளுதானுங்க அம்மிணி. அத இன்னுமா தூக்கிட்டுத் திரியறீங்க? அந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

நிரோஜா தேறினாள். இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஆன்டெனாவுக்கு அனுமதித் தாள் வந்தது. அதை அந்த அதிகாரியே கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் தொட்டிப் படியில் உட்கார்ந்து அவரிடம் நேராகவே கேட்டேன். எதற்காக வருகிறீர்கள் என்று. "இருவத்திரண்டு வருசம் ரிக்குல போனேனுங்க. ஆந்திரா, மராட்டியம், ராஜஸ்தான். பாசை தெரியாது. லாரியிலேயே சோறாக்கித் திம்போம், லாரியிலேயே படுத்துக்குவோம். தண்ணி பீச்சி அடிச்சதும் ஊரே கூடி ஆடும். நாங்க பைப்பக் கழட்டி ஏத்திட்டு அடுத்த ஊருக்குக் கெளம்பிருவோம். அந்தத் தண்ணிய மொதல்ல யாரு மொண்டு குடிச்சாங்கன்னு ஒரு ஊருலகூட நின்னு பாத்ததில்லீங்க. ஒரு மூஞ்சிகூட ஞாபகமில்ல." படிப்பறைப் பக்கம் பார்த்தார். உள்ளே சின்னப் பிள்ளைகள் பாடத்தோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். "இங்கதான் நின்னு பாக்கறேன்" என்றார்.

அவரோடு ரிக்கில் போனவர்களே, அவர் உங்களிடம் எங்களைப் பற்றிச் சொன்னாரோ இல்லையோ, எங்களிடம் உங்கள் எல்லோரையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். யார் நன்றாகச் சோறாக்குவார், யாருக்குத் தூக்கத்தில் பேச்சு வரும் என்பது வரை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது பாப்பாத்தி அக்காவிடம், எங்களுக்காகப் போன வழியில்தானே இப்படி ஆயிற்று என்று சொல்லி அழுதேன். நாள் முழுக்க அதுதான் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு எப்பவும் எங்கயாச்சும் போயிட்டுத்தானுங்க இருந்தாரு. இருவத்திரண்டு வருசம் எந்த ஊருல இருக்காருன்னே தெரியாம நான் கெடந்தேன். இப்பத்தான் எங்க போறாருன்னு தெரிஞ்சு போனாரு" என்றார்.

அவர் போன பன்னிரண்டாம் நாள் பெட்டி நின்றுவிட்டது. மாதிரித் தேர்வு நடக்கிற வாரம். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் அதைத் திறக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. அவர்தான் இருக்கிறாரே என்று நாங்கள் காதில் வாங்கவில்லை. எப்போதும் செய்வதுபோலப் பெட்டியையும் சின்னப் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு தொட்டிப் படி ஏறினேன். கை பழக்கத்தில் அவர் எண்ணை அழுத்திவிட்டது. மணி அடிக்கும்போதுதான் நினைவு வந்தது. துண்டிப்பதற்குள் பாப்பாத்தி அக்கா எடுத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, பெட்டி நின்னுபோச்சுங்களா?"

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

"இப்ப என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார்.

அது அண்ணனின் பேச்சு. நான் எத்தனை முறை அழைத்திருந்தாலும், "என்ன பண்ணுனீங்க?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எடுத்ததும் இதைத்தான் கேட்பார்.

"சிவப்பு விளக்கு எரியுது அக்கா. பச்சை வரவில்லை."

"செவப்பு நிக்குதுங்களா, முணுக்கு முணுக்குங்குதுங்களா?"

"விட்டு விட்டு எரியுது."

"அப்பன்னா அந்தக் கருப்பு ஒயரு இருக்குமாம். அதப் புடுங்கிட்டு இருவது எண்ணோணும். அவசரப்பட்டுப் பத்துல சொருகீருவீங்களாம். இருவது." பெட்டியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஏழு வருடமாக அடுப்படியில் நின்று, அவர் கணவர் எங்களோடு கைபேசியில் பேசுவதைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். நான் பிடுங்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. செருகினேன். சிவப்பு விட்டு விட்டு எரியாமல் நிலையாக நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பச்சை வந்தது.

"வந்திட்டுது அக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "இது செரியாச்சுன்னா அவரு போன வெச்சுட்டு, 'சோத்தப் போடு'ம்பாரு" என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். சின்ன வயதிலிருந்து வாசல்களிலும் மேசைகளுக்கு முன்னாலும் எங்களை எல்லோரும் கேட்டது என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்றுதான். நானும் பிள்ளைகளிடம் அப்படியே கேட்டுப் பழகியிருந்தேன். அண்ணன் மாதிரி கேட்க இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். வயரிங்கும் கற்றுக்கொள்கிறேன், அவர் மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்.

நேற்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டேப்லெட்டைக் கீழே போட்டுவிட்டாள். கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவளை உட்கார வைத்து, "இப்ப என்ன தெரியுது, சொல்லு சாமி" என்று கேட்டேன்.

திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"கோடு தெரியுது டீச்சர்" என்றாள். "கோட்டுக்குப் பின்னால பாடமும் தெரியுது."